சினை எலியும் அதன் குட்டிகளும்: ஆணைப் பிரிக்கும் நாளிலிருந்து குட்டிகளை அனுப்பும் நாள் வரை

வளர்ப்பு எலி சினையாவது பெரும்பாலும் திட்டம் போட்டு நடப்பதில்லை. செல்லப்பிராணிக் கடைகள் பலவற்றில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் போட்டுத்தான் விற்கிறார்கள். பெண் எலி ஐந்து வார வயதிலேயே சினைபிடிக்கத் தயாராகிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கும் வரும். அதனால் கலப்புக் கூண்டிலிருந்து வந்த பெண் எலி எதுவானாலும், சிறியதோ பெரியதோ, சினையாக இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். “ரெண்டுமே பெண்தான்” என்று சொல்லிக் கொடுத்த ஜோடி மூன்றாவது வாரத்தில் குட்டிகளோடு இருப்பது அடிக்கடி நடக்கிற கதை.

இங்கே சொல்வதெல்லாம் பெரிய எலிக்கு, அதாவது வளர்ந்தபின் கால் கிலோ அளவுக்கு எடை வரும் வெள்ளை எலிக்கும், தலையும் தோளும் கறுத்து உடம்பு வெளுத்திருக்கும் எலிக்கும் பொருந்தும். அதே கடையில் விற்கும் சுண்டெலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் நாள் கணக்கு வேறு, தாயின் குணமும் வேறு. ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டியை ஈனவும் வளர்க்கவும் தாய் எலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டிகள் சாவதற்குப் பல வீடுகளில் காரணமாக இருப்பவை அதற்கு வெளியே இருப்பவை: கூண்டில் விடப்பட்ட ஆண், எறும்பு, வெயில், புகை, நம் ஆர்வம். உங்கள் வேலையில் பெரும்பகுதி இந்த ஐந்தையும் தள்ளி வைப்பதுதான்.

சினையா என்று எப்படித் தெரியும்

எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். முதல் இரண்டு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. பதினான்காம் நாளுக்குப் பிறகு வயிறு பக்கவாட்டில் பிதுங்கும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு அகன்று தெரியும். காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து அவை எடுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். பெண் எலிக்கு 12 காம்புகள், ஆறு ஜோடி. கடைசி வாரத்தில் கண்ணில் பட்ட தாள், துணி எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு ஒரு மூலையில் குவிக்கும்.

வயிற்றை அழுத்திப் பார்த்துக் குட்டி எண்ண முயலாதீர்கள். அதைவிட நல்ல வழி சமையலறைத் தராசு. தினமும் ஒரே நேரத்தில், ஒரு டப்பாவில் உட்காரவைத்து எடை பார்த்து எழுதி வையுங்கள். சினையாக இருந்தால் மூன்றாவது வாரத்தில் எடை சரசரவென்று ஏறும். ஆணிடமிருந்து பிரித்த நாளிலிருந்து 23 நாள் கடந்தும் வயிறும் எடையும் அப்படியே இருந்தால் சினை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எலி மறுபடி சினையாகியிருந்தால் இந்தக் கணக்கு நீளும். பாலூட்டும் காலத்தில் கரு கருப்பையில் ஒட்டுவதே சில நாள் தள்ளிப்போவதால், ஈனும் நாளும் தள்ளிப்போகும்.

தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வால் தோல் உறைபோல் உரிந்து வந்துவிடும், திரும்ப ஒட்டாது.

குட்டிகளுக்கு வீடு கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், சினை இருக்கும்போதே கருப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை செய்ய முடியும். ஆனால் சிறு பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டர் வேண்டும். இதைப் பேசுவதானால் முதல் இரண்டு வாரத்துக்குள் பேசிவிடுங்கள்.

முதல் வேலை: ஆணைப் பிரிப்பது

சந்தேகம் வந்த அன்றே செய்யுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஆண் எலி குட்டிகளைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் பக்கத்தில் இருந்தால், ஒரு ஈத்துக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈத்தையும் வயிற்றில் சுமக்கும். ஒரு ஈத்தில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம். அதற்கு மேலும் போடும். இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் தாய் எலும்பும் தோலுமாகிவிடுகிறது. முதல் ஈத்துக் குட்டிகளுக்குப் பாலும் குறைகிறது.

பிரித்த ஆணைத் தனியாகவே விட்டுவிடாதீர்கள். அது கூட்டமாக வாழும் பிராணி. வேறொரு ஆண் துணையோடு வைக்கலாம், அல்லது அதற்கு ஆண்மைநீக்க அறுவை செய்வித்து, பிறகு தாயோடு சேர்க்கலாம். அறுவை முடிந்த அன்றே சேர்த்துவிடக் கூடாது. இன்னும் சில வாரம் விந்தணு மிச்சமிருக்கும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட இருக்கும் பெண் எலிகள் நல்ல துணைதான். ஆனாலும் ஈனுவதற்கு நான்கைந்து நாள் முன்னால் தாயைத் தனிப் பெட்டிக்கு மாற்றுவது நல்லது. பாசத்தில் மற்றப் பெண்களும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். பிறந்து ஒரு நாளான குட்டியை இருவர் மாறி மாறி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈனும் பெட்டி

கடையில் கிடைக்கும் மாடி வைத்த கம்பிக்கூண்டு இதற்கு ஆகாது. குட்டி கம்பி இடைவெளியில் நழுவி விழும். தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு ஏணி ஏறும்போது கீழே போடும். ஒரே தளமாக, பக்கச்சுவர் வழவழப்பாக உள்ள பெட்டி வேண்டும். அகலமான பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் மூடியில் பெரிய சதுரம் வெட்டி, அங்கே இரும்பு வலை பொருத்தினால் போதும். பக்கச்சுவரிலும் ஓரிரு இடத்தில் வலை வைத்துக் காற்று குறுக்கே போக வழி செய்யுங்கள். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் தாராளம். மீன் தொட்டியும் சரிவரும், ஆனால் நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடித் தொட்டி சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மார்ச் முதல் ஜூன் வரை அதைத் தவிர்ப்பேன்.

உள்ளே ஒரு பக்கம் செருப்பு டப்பா அளவில் ஓர் அட்டைப்பெட்டி, தாய் நுழைகிற அளவுக்கு வாசல். இதுதான் கூடு. கீழே பரப்ப அச்சில்லாத தாள், டிஷ்யூ பேப்பர், காகிதக்கூழ் உருண்டைகள் நல்லவை. பைன், தேவதாரு மரச்சீவல் வேண்டாம். அதன் வாசனைப் பொருள்கள் எலியின் நுரையீரலையும் கல்லீரலையும் கெடுக்கும். மரக்கடைத் தூளில் என்ன மரம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தூசியும் அதிகம், அதையும் விட்டுவிடுங்கள்.

பஞ்சும் நூல் பிரிகிற பழைய துணியும் இன்னொரு ஆபத்து. மெல்லிய நூல் குட்டியின் காலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும். டிஷ்யூ பேப்பரைக் கொத்தாகக் கொடுத்துவிட்டால் தாயே கிழித்துக் கிழித்துக் கிண்ணம் மாதிரி கூடு கட்டிக்கொள்ளும்.

தண்ணீர் பாட்டிலைக் கூட்டிலிருந்து தள்ளி, எதிர் மூலையில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் பாட்டில் இரவெல்லாம் சொட்டினால் அடி முழுக்க நனைந்து குட்டிகள் விறைத்துவிடும். பெட்டியை ஒருமுறை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஈனுவதற்கு நான்கு நாள் முன்பே தாயை உள்ளே விட்டுவிடுங்கள். அதற்குள் அந்த இடம் முழுக்க அதன் வாசனை ஏறிவிடும்.

எறும்பு, வெயில், புகை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் எறும்பைப் பற்றிப் பேச்சே இருக்காது. அங்கே கவலை குளிர்தான். இங்கே பால் வாசனையும் ரத்த வாசனையும் உள்ள கூட்டுக்கு எறும்பு வரிசை கட்ட ஒரு ராத்திரி போதும், முடியில்லாத குட்டியால் நகரவும் முடியாது. பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே ஏற்பாடுதான் இதற்கும். ஒரு சிறிய ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைத்து, மேலே பெட்டியை வையுங்கள். ஸ்டூல் இல்லையென்றால் அகலமான தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் இரண்டு செங்கல், அதன்மேல் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக்கூடாது. திரைச்சீலை, சார்ஜர் வயர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. எறும்புக்கு அதுவே பாலம். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் பாருங்கள். தூசி படிந்தால் அதன்மேலேயே நடந்து வரும், தண்ணீரை அப்படியே விட்டால் கொசுவும் முட்டையிடும்.

எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி, பூச்சிக்கொல்லி ஸ்பிரே எதையும் அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள். கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி, சாம்பிராணி, ஊதுபத்தி, பினாயில் எல்லாமே எலிக்குக் கெடுதல். வளர்ப்பு எலிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரை நுரையீரலில் சுமந்துகொண்டே இருக்கின்றன. சும்மா இருக்கும் அது, புகையோ அழுத்தமோ வந்தால் தலைதூக்கும். தும்மல், மூச்சில் கரகரப்பு, கண்ணோரம் சிவப்புக் கசிவு இதன் அறிகுறிகள். அந்தச் சிவப்பு ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் நீர். ஆனாலும் அதிகமானால் எலிக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கொசுவுக்குப் பயமாக இருந்தால் பெட்டிமேல் கொசுவலையைப் போர்த்திவிடலாம்.

ப்ளக்கில் சொருகுகிற ‘எலி விரட்டி’ வீட்டில் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். குட்டிகள் தாயைக் கூப்பிடுவது நம் காதுக்கு எட்டாத மீயொலியில். கூட்டை விட்டு உருண்டுபோன குட்டி அப்படிக் கத்தும், தாய் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். அந்தக் கருவியும் அதே மாதிரி மீயொலியைத்தான் ஓயாமல் கிளப்பிக்கொண்டிருக்கும்.

வெயிலுக்கு வருவோம். எலிக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை வால் வழியாகவும் எச்சிலை முடியில் பூசிக்கொண்டும்தான் குறைக்கும். 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் அதற்கு இதம். 30க்கு மேல் போனால், அதுவும் நிறைமாதச் சினையில், தட்டையாகப் படுத்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கும். கத்திரி வெயில் நாளில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எதுவோ அங்கே மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துண்டில் சுற்றி, கூட்டுக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் தாய் போய்ச் சாய்ந்துகொள்ளும். ஒரு துண்டு தரை ஓட்டை வைத்தாலும் அதன்மேல் படுத்துக்கொள்ளும். ஃபேன் காற்றோ ஏசி காற்றோ கூட்டின்மேல் நேரே அடிக்கக் கூடாது. தாய்க்குக் குளிர்ச்சி வேண்டும், முடியில்லாத குட்டிக்குச் சூடு வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்க வழி, கூட்டை ஒரு கோடியிலும் குளிர்ச்சியை மறு கோடியிலும் வைப்பதுதான்.

தீனி

சாதாரண நாளில் 14 முதல் 16 சதவீதப் புரதம் போதும் என்றால், சினைக் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேண்டும். எலித் தீனி உருண்டை கிடைத்தால் அதை எப்போதும் பெட்டியில் வைத்திருங்கள். கிடைக்காத ஊரில் கம்பு, கேழ்வரகு, ஓட்ஸ், கோதுமை கலந்த தானியம் அடிப்படையாக இருக்கட்டும். அதோடு தினமும் வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டு, வேகவைத்த கோழி, முள் நீக்கிய மீன், வேகவைத்த பாசிப்பயறு, ஊறவைத்து வேகவைத்த மீல்மேக்கர் இவற்றில் ஏதாவது ஒன்று. உப்பு, காரம், எண்ணெய் எதுவும் கூடாது. கேரட், பட்டாணி, வெள்ளரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பயறு வகைகளை வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது, முக்கியமாக ராஜ்மா. முளைவிட்ட அல்லது பச்சையேறிய உருளைக்கிழங்கு, சாக்லேட், சோடா வேண்டாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

பப்பாளி கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கர்ப்பிணிகள் பப்பாளி சாப்பிடக் கூடாது என்ற நம்பிக்கையைச் சோதிக்க, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சினை எலிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், பழுத்த பப்பாளி சாப்பிட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ப் பப்பாளியின் பாலோ கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. ஆக, நன்றாகப் பழுத்த துண்டு பரவாயில்லை, காயைக் காட்டவே வேண்டாம்.

ஈன்ற பிறகு தாய் சாப்பிடும் அளவைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும். பால் சுரப்பு இரண்டாவது வாரக் கடைசியில் உச்சத்துக்குப் போகும். அளவு பார்க்காமல் போடுங்கள், ஆனால் முட்டை, மீன் மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், எறும்புக்காகவும் கெட்டுப்போவதற்காகவும். தண்ணீர் பாட்டிலை இரண்டாக வையுங்கள். பாட்டில் முனையில் உள்ள குண்டு சிக்கிக்கொண்டால் ஒரே நாளில் பால் வற்றிவிடும். காலையும் மாலையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

ஈனும் நேரம்

தொடங்கும்போது பிறப்புறுப்பில் லேசாக ரத்தக் கசிவு தெரியும். உடம்பை நீட்டி, வயிற்றுப் பக்கங்களை உள்ளிழுத்து முக்கும். அப்புறம் முன்னால் குனிந்து, வெளியே வரும் குட்டியை வாயாலும் முன்கையாலும் வாங்கி, சவ்வைக் கிழித்து, நக்கிச் சுத்தம் செய்து, நச்சுக்கொடியைத் தின்றுவிடும். சில நிமிடத்துக்கு ஒரு குட்டி என்று எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். நீங்கள் செய்ய வேண்டியது விளக்கைக் குறைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்துவது மட்டுமே. வீடியோ எடுக்க மொபைல் வெளிச்சத்தைக் கூட்டுக்குள் அடிக்காதீர்கள். பயந்த தாய் குட்டிகளை இடம் மாற்ற ஆரம்பித்தால் முக்குவதும் தடைபடும்.

டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரங்கள் இவை: இரண்டு மணி நேரம் முக்கியும் ஒரு குட்டியும் வரவில்லை, குட்டி பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது, ரத்தம் கசிவாக இல்லாமல் ஓடுகிறது, கெட்ட நாற்றத்தோடு நீர் வருகிறது, ஈன்ற பிறகு தாய் உடம்பு சில்லிட்டு, முடி சிலிர்த்து, அசையாமல் கிடக்கிறது. சிக்கிய குட்டியை நீங்களே இழுக்காதீர்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்களே அதிகம் என்பதால் “எலி பார்ப்பீர்களா?” என்று ஈனும் நாளுக்கு முன்பே போனில் கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. வெளியூரில் இருப்பவர்கள் அங்கும் விசாரிக்கலாம்.

செத்துப் பிறந்த குட்டியையும் ரொம்ப நலிந்த குட்டியையும் தாய் தின்றுவிடுவது உண்டு. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. ஆனால் நல்ல குட்டிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தால், தண்ணீர் கிடைக்கிறதா, புரதம் போதுமா, பூனையோ சத்தமோ அதைப் பயமுறுத்துகிறதா என்று உடனே பாருங்கள்.

முதல் பத்து நாள்

பிறந்த குட்டி ஐந்தாறு கிராம்தான். கண் மூடி, காது தலையோடு ஒட்டி, தோல் வழியே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற அளவுக்கு மெலிசாக இருக்கும். அந்த மெலிசுதான் நமக்கு உதவி. பால் குடித்த குட்டியின் வயிற்றில், இடப்பக்கம் விலாவுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு பட்டை பளிச்சென்று தெரியும். இரைப்பையில் இருக்கும் பால் அது. தினமும் ஒருமுறை, தாய் தீனிக்கு வெளியே வரும்போது, அதை வேறொரு டப்பாவில் முட்டைத் துண்டோடு விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள். எல்லாக் குட்டிக்கும் வெள்ளைப் பட்டை இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, செத்தது ஏதாவது கிடக்கிறதா, அவ்வளவுதான். ஒரு நிமிடம் போதும்.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பார்கள். உங்களிடம் பழகிய எலி அப்படிச் செய்யாது. கையை வாசனையில்லாமல் கழுவி, அதன் கூட்டுத் தாளில் தேய்த்துக்கொண்டு தொடுங்கள். கடையிலிருந்து புதிதாக வந்து இன்னும் உங்களுக்குப் பயப்படும் எலி என்றால் முதல் நான்கைந்து நாள் கையே வைக்காமல் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். இந்த நாள்களில் சாதுவான எலியும் கடிக்கலாம், அதற்காக அதைக் கோபிக்காதீர்கள்.

கூட்டைக் கலைத்துச் சுத்தம் செய்வதை முதல் வாரம் முழுக்கத் தள்ளிப்போடுங்கள். நனைந்த தாளை மட்டும் எடுத்துப் புதியதை வையுங்கள். அப்புறம் சுத்தம் செய்யும்போதும் பழைய கூட்டுத் தாளில் ஒரு பிடியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

தாய் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும். நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும். இந்த நக்கலுக்கு இன்னொரு பெரிய பலனும் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளைக் கவனித்து, முதல் பத்து நாளில் தாய் அதிகம் நக்கிய குட்டிகள் வளர்ந்தபின் நெருக்கடியில் குறைவாகவே பதறுகின்றன என்று கண்டார்கள். 1997இல் சயன்ஸ் இதழில் அது வெளியானது. தாயை நிம்மதியாக விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

12 காம்புக்கு மேல் குட்டிகள் இருந்தால் பின்தங்கும் குட்டிகளைக் கவனியுங்கள். வயிறு நிறைந்த பெரிய குட்டிகளில் பாதியை வெதுவெதுப்பான சிறு டப்பாவில் ஒரு மணி நேரம் தனியே வைத்தால் சின்னவற்றுக்குக் காம்பு கிடைக்கும். தாயின் வயிற்றையும் பாருங்கள். ஒரு காம்பைச் சுற்றிச் சிவந்து, சூடாக, கட்டியாக இருந்தால் மடிநோய். வீட்டு வைத்தியத்துக்கு இது இடமில்லை, மருந்து வேண்டும்.

ஒன்பது, பத்தாம் நாளில் முடி மெல்லப் படர்ந்திருக்கும், முன்பற்கள் முளைக்கும். ஆண் பெண் பார்க்க இதைவிட நல்ல சமயம் இல்லை. முடி அடர்வதற்கு முன்னால், பெண் குட்டிகளின் வயிற்றில் காம்புப் புள்ளிகள் இரண்டு வரிசையாகத் தெரியும், ஆணுக்குத் தெரியாது. இன்னொரு அடையாளம், ஆசனவாய்க்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் உள்ள தூரம். ஆணுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்றை மட்டும் பார்த்தால் குழம்பும், இரண்டு குட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுதி வையுங்கள்.

தாய் இல்லாமல் போனால்

பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறொரு தாய் எலி கிடைத்தால் அதற்கு நிகர் எதுவுமில்லை. அதன் கூட்டுத் தாளில் இந்தக் குட்டிகளைப் புரட்டி, அதன் குட்டிகளோடு கலந்து வைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். எலி வளர்ப்பவர்களிடம் முதலில் அதைத்தான் விசாரியுங்கள்.

இல்லையென்றால் நீங்கள்தான். முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டினால் செரிக்காமல் செத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, உடம்பு இளஞ்சிவப்பானதும் ஊட்டுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக இடம் இருக்க வேண்டும். பசும்பால் வேண்டாம். பூனைக்குட்டி, நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்கும்வரை சோயாவில் செய்த குழந்தைப் பால்பவுடர். மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியில் தோய்த்து உதட்டில் வைத்தால் குட்டி உறிஞ்சும். வயிறு கீழாக, தலை கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். மல்லாக்க வைத்து ஊட்டக் கூடாது. மூக்கில் குமிழி வந்தால் பால் மூச்சுக்குழாய்க்குப் போகிறது, உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சுக்குச்சியால் அடிவயிற்றிலிருந்து பின்பக்கமாக மெல்லத் தடவிச் சிறுநீர் கழிக்க வையுங்கள். கண் திறக்கும் வரை இது தொடர வேண்டும். இவ்வளவும் செய்தும் சில குட்டிகள் பிழைக்காமல் போகும், மிகச் சின்ன வயதில் தாயை இழந்தவை முக்கியமாக.

கண் திறந்த பிறகு

பதின்மூன்று முதல் பதினைந்தாம் நாளுக்குள் கண் திறக்கும். காது கேட்பது அதற்கு ஓரிரு நாள் முன்னால். ஒரு கண் பீளை கட்டி ஒட்டியிருந்தால், காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடையுங்கள், பிய்க்காதீர்கள்.

அங்கிருந்து ஒரு வாரம் பெட்டிக்குள் ஒரே அமர்க்களம். துள்ளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும், தாயின் வாயிலிருந்தே தீனியைப் பிடுங்கும். தாய் தின்பதைப் பார்த்துத்தான் எது தின்னத்தக்கது என்று கற்றுக்கொள்ளும். ஊறவைத்த தீனி, மசித்த முட்டை, குழைந்த சோறு இவற்றைத் தட்டையான மூடியில் வையுங்கள். பாட்டில் முனையைக் குட்டிக்கு எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதானால் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும்.

மனிதரோடு பழக்குவதற்கு இதுதான் நேரம். தினமும் ஒவ்வொரு குட்டியையும் சில நிமிடம் உள்ளங்கையில், மடியில், சட்டை மடிப்பில் வைத்திருங்கள். தரையில் உட்கார்ந்து செய்யுங்கள்; திடீரென்று துள்ளிக் குதிக்கும். குட்டிகளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை வீட்டுக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள். வீட்டுக்குள் திரியும் காட்டெலி இந்தப் பெட்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் வரும்.

21ஆம் நாளில் குட்டிகள் தாமாகத் தின்னும். அதற்காக அன்றே தாயைப் பிரித்துவிட வேண்டாம். நான்கு வாரம் வரை கூட இருக்கட்டும்.

ஆண் குட்டிகளைப் பிரிக்கும் நாள்

நான்கரை வாரம். நாட்காட்டியில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். ஐந்து வாரத்தில் ஆண் குட்டி தன் சகோதரிகளையும் தாயையும் சினையாக்கிவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, ஒரு ஈத்து நான்கு ஈத்தான வீடுகள் உண்டு. இந்த வயதில் ஆணின் விதைப்பை பின்னால் நன்றாகத் தெரியும், குழப்பம் இருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, பத்தாம் நாளில் எழுதி வைத்த கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ஆண் குட்டிகளெல்லாம் ஒரே கூண்டில், முடிந்தால் அவற்றின் தகப்பனோடு. பெண் குட்டிகள் தாயோடு தொடரலாம்.

யாரிடம் கொடுப்பது

ஐந்தாறு வாரம் ஆன பிறகு கொடுங்கள். ஒற்றையாகக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண், அல்லது இரண்டு பெண், அப்படித்தான். தனி எலி சோர்ந்து போகும். வாங்குகிறவரிடம் இரண்டு மூன்று வருடம் உயிர் வாழும் பிராணி இது என்று சொல்லுங்கள். இரவில் விழித்திருக்கும், வயரைக் கடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூண்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா, அதன் புகைப்படம் அனுப்ப முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

கடையில் திருப்பிக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. குட்டிகள் அதே கலப்புக் கூண்டுக்குப் போகும், உங்கள் பெண் குட்டி அடுத்த மாதம் சினையோடு வேறொருவர் வீட்டில் இருக்கும். வயல்வெளியில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒளியவும் இரை தேடவும் தெரியாத வெள்ளை எலி காக்கைக்கும் பூனைக்கும் ஒரே நாளில் இரையாகிவிடும்.

தாய்க்கு இன்னும் ஒரு மாதம் நல்ல தீனி கொடுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் வயிறு சில நாளில் வற்றும். அந்த வாரம் காம்புகளைத் தினமும் தடவிப் பாருங்கள், பால் கட்டிக்கொண்டால் வீங்கும். இழந்த எடை திரும்பியதும் பழைய பெண் துணைகளோடு ஒரு புதிய இடத்தில், உங்கள் கண்முன்னால் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்து, சண்டை இல்லையென்றால் கூண்டில் சேர்க்கலாம். கருப்பை நீக்கும் அறுவையைப் பற்றி டாக்டரிடம் பேசவும் இதுவே சமயம். இளவயதில் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண் எலிகளுக்கு வயதானபின் மடிக்கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது.